கொரிய வினைகள்: மறைந்த ஒலிகள் விட்டுப்போன தடம்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கொரிய வினையடிகளைப் பற்றித்தான். கொரியச் சொற்களைத் தமிழில் எழுத ஒரு சின்ன ஏற்பாடு: 'ஒ' என்று போட்டிருப்பது உதடு குவியாமல், வாய் சற்றுத் திறந்து சொல்லும் ஒலி. 'ஓ' உதடு குவித்தது. 'தா' என்று முடிவது அகராதி வடிவம். 'அயோ', 'ஒயோ' என்பவை உயிரில் தொடங்கும் பேச்சு விகுதிகள், 'கோ' மெய்யில் தொடங்கும் விகுதி.

'இப்தா' (உடுத்து) 'இபொயோ' ஆகிறது, சரி. 'தொப்தா' (வெப்பமாயிரு) மட்டும் ஏன் 'தொவொயோ'?

இன்று இரண்டிலும் ஒரே 'ப்' இருப்பதுபோலத் தெரிகிறது. 15ஆம் நூற்றாண்டில் அப்படி இல்லை. செஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட எழுத்துமுறையில், பகரத்தின் கீழே ஒரு சிறு வட்டம் போட்ட எழுத்து ஒன்று உண்டு. உதடுகள் முழுதாக ஒட்டாமல் காற்று உரசி வரும் ஒலி அது. உயிர் தொடரும்போது 'தொப்தா'வில் வந்தது அந்த ஒலிதான். வெகு விரைவிலேயே அது தேய்ந்து 'வ' ஆகிவிட்டது. 'இப்தா'வில் இருந்தது அசல் பகரம், அதனால் தப்பித்தது.

பூசான் பக்கம் போனால் இன்றும் 'தொபொ' என்று காதில் விழும். பூசான் அடங்கிய கியொங்சாங் வட்டார வழக்கில் அந்தப் 'ப்' போகவே இல்லை.

'குப்தா' என்ற சொல்லையும் பாருங்கள். மீனைச் சுட்டால் 'குவொயோ', முதுகு வளைந்தால் 'குபொயோ'. அகராதியில் இரண்டும் ஒரே வடிவம்.

'தோப்தா' (உதவு) 'தோவாயோ' ஆகிறது. 'கக்காப்தா' (அருகிலிரு) ஏன் 'கக்காவாயோ' ஆவதில்லை?

முன்பு அப்படித்தான் எழுதினார்கள். 1988 எழுத்து விதிகள் 'தோப்', 'கோப்' (அழகாயிரு) என்ற ஓரசை அடிகளுக்கு மட்டும் 'வா'வை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் 'வொ' ஆக்கின.

'துத்தா' (கேள்) எப்படி 'துரொயோ' ஆகும்? 'த்' எங்கே, 'ர்' எங்கே!

இரண்டும் நுனிநாக்கில்தான் பிறக்கின்றன. 'த்' சொல்ல நாக்கு ஒட்டி நிற்கும். அதே நாக்கு சட்டென்று ஒரு தட்டு தட்டி விலகினால் 'ர்'. நம் 'கேள்' 'கேட்டேன்' ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள், பொருள்கூட ஒன்றுதான். இதை வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு கொண்டாட வேண்டாம், போகும் வழி வேறு. நமக்கு 'ள்'ளோடு 'த்' சேர்ந்து 'ட்ட்' ஆகிறது. அங்கே அடுத்து மெய் வந்தால் 'த்', உயிர் வந்தால் 'ர்'. அப்புறம், இங்குள்ள 'து'வை 'அது' என்பதன் கடைசி எழுத்தைப்போல, உதடு குவியாமல் சொல்லுங்கள். நமக்கு இது பழகிய ஒலி.

காய்ச்சலில் கிடந்த கொரியத் தோழிக்கு 'சீக்கிரம் குணமாகு' என்று எழுதி அனுப்பினேன். சிரிப்புப் பொம்மை அனுப்பினாள். என்ன தப்பு?

'சீக்கிரம் பிள்ளை பெறு' என்று எழுதியிருப்பீர்கள்! வருந்தாதீர்கள், கொரியர்களே அடிக்கடி செய்யும் பிழை இது. குணமாவதற்கான வினையடி 'நஸ்'. உயிர் வந்ததும் ஸகரம் விழுந்து 'நஉஸெயோ' ஆகும். பிள்ளை பெறுவதற்கான அடியில் ஹகரம் உண்டு. எழுத்தில் அது நிற்கும், பேச்சில் ஒலிக்காது. ஆகக் காதுக்கு இரண்டும் ஒன்றே, எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

அந்த ஸகரம் விழுவதற்கும் பழைய காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் 'ஸ்'ஸின் அதிர்வொலி (ஆங்கில 'z' போன்றது) இருந்தது, அதற்கு முக்கோண எழுத்தும் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஒலி மறைய, எழுத்தும் போயிற்று. 'கழற்று' என்ற வினையில் இருந்தது சாதாரண ஸகரம், ஆகவே இன்றும் 'பொஸொயோ'. இன்னொன்று: 'நஅயோ'வை (குணமாகிறது) 'நாயோ' என்று சுருக்கக் கூடாது. ஸகரம் போனாலும் இரண்டு உயிர்களும் தனித்தனியே நிற்க வேண்டும்.

எது மாறும், எது மாறாது என்று எப்படி மனப்பாடம் செய்வது?

அகராதி வடிவத்தை மட்டும் எழுதி வைக்காதீர்கள், அதைப் பார்த்து எதுவும் தெரியாது. ஒவ்வொரு வினையையும் 'கோ', 'யோ' என்று ஜோடியாக எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள். 'வினவு': முத்கோ, முரொயோ. 'புதை': முத்கோ, முதொயோ. 'கடி': முல்கோ, முரொயோ. ஒரு வடிவத்தை மட்டும் படித்தவருக்கு இந்த மூன்றில் ஏதாவது இரண்டு கட்டாயம் குழம்பும்.