மறைத்து எடுத்துச் செல்லச் சின்ன ரிவால்வர்: எதை வாங்கலாம்?

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்கு, டெக்சஸில் துப்பாக்கிப் பயிற்சி தரும் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: அண்ணா, இதுதான் என் முதல் துப்பாக்கி. கடையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340 பி.டி. காட்டினார்கள். பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியவில்லை. வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதல் துப்பாக்கிக்கு இதைவிடத் தவறான தேர்வு இல்லை.

அதன் எடை 350 கிராம்கூட இல்லை. சுமக்கச் சுகம்தான், ஆனால் சுடும்போது அந்தச் சுகத்துக்கு உங்கள் கைதான் விலை கொடுக்கும். ஒரே தோட்டாவை, பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால் உதையின் சக்தி, அதாவது துப்பாக்கி பின்னால் எகிறும் சக்தி, ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதில் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைப் போட்டுச் சுட்டவர்கள் பலரைச் சுடும் பயிற்சிக் களத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளை) முடிந்ததும் கையை உதறிக்கொண்டு துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்புறம் அது பாக்கெட்டில் இருக்கும், பயிற்சி இருக்காது. அடுத்த குண்டுக்கு முன்பே கண்ணை மூடும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்குவது பெரிய வேலை.

பாக்கெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் ஸ்மித் 642 பாருங்கள். அலுமினியக் கலவை உடல், சுமார் 400 கிராம், ஐந்து தோட்டா, .357ஐவிட மென்மையான .38 ஸ்பெஷல் வகை. அல்லது 2009இல் வந்த ரூகர் எல்.சி.ஆர். எடை கிட்டத்தட்ட அதேதான். அதன் டிரிக்கர் கடையிலிருந்து வரும்போதே வழுக்கிக்கொண்டு போகும், எனக்கு அது பிடிக்கும். இடுப்பில் பெல்ட்டோடு வைக்கத் தயார் என்றால் முழு ஸ்டீல் வாங்குங்கள்: ஸ்மித் 640, ரூகர் எஸ்.பி.101, ஆறு தோட்டா வேண்டுமென்றால் கிம்பர் கே6எஸ். 600 கிராமுக்கு மேல் கனக்கும். ஆனால் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடித்தும் கை வலிக்காது.

எதை வாங்கினாலும் 148 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர் தோட்டாவில் தொடங்குங்கள். தட்டை முனை, மென்மையான உதை. இவ்வளவு குட்டைக் குழலில் டிரிக்கரைச் சீராக இழுக்கக் கற்பதுதான் முழு வித்தை. அதை இழுக்க, மாடலைப் பொறுத்து, 4, 5 கிலோ அளவு விசை வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: நான் ஹெச்-1பியில் இருக்கிறேன். டெக்சஸில் பெர்மிட்டே வேண்டாமாமே, வாங்கலாமா?

கூடாது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதானவர்கள் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் அது சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். நீங்கள் மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். ஹெச், எல், எஃப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். 15 ஆண்டு வரை சிறை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்கும் முன் வக்கீலைப் பாருங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள். கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை இல்லை.

கேள்வி: ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) வெளியே தெரியும் மாடலா, உள்ளே மறைந்ததா?

மறைந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது உருவும்போது துணியில் மாட்டும்.

கேள்வி: என் மனைவி கைப்பையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார். எந்த மாடல் நல்லது சார்?

மாடலை விடுங்கள், பையை விடச் சொல்லுங்கள். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு வால்மார்ட்டுக்குள், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் இறந்துபோனார். பையை நாம் ஷாப்பிங் கார்ட்டில் வைக்கிறோம், கோவிலில் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறோம், நண்பர் வீட்டுச் சோபாவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம். துப்பாக்கி உடம்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது.

பாக்கெட்டானாலும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். டிரிக்கர் முழுவதும் மூடியிருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, இருமல் மிட்டாய் எதுவும் இருக்கக் கூடாது.

கேள்வி: ரிவால்வர் ஜாம் ஆகவே ஆகாது. அதனால்தான் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலை விட இது மேல், சரிதானே?

சரியில்லை. இந்த நம்பிக்கை ஆபத்தானது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

சுட்டவுடன் துப்பாக்கி விருட்டென்று பின்னால் போகிறது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் பித்தளைக் கேஸும் அதோடு பின்னால் இழுபடுகிறது. கேஸின் வாயில் செருகியிருக்கும் ஈயக்குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கேஸின் பிடி போதவில்லை என்றால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, சிலிண்டரின் முன்பக்கம் துருத்தும். அது ஃபிரேமில் (துப்பாக்கியின் உடலில்) இடித்தால் சிலிண்டர் சுற்றாது. அதோடு முடிந்தது, கையால் தட்டிச் சரிசெய்ய முடியாது. துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

இது தவிர, எஜெக்டர் நட்சத்திரத்துக்கு (காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவப் பாகம்) அடியில் எரியாத மருந்துத் துகள் சிக்கினாலும் சிலிண்டர் இறுகும். பாக்கெட்டின் பஞ்சு சேர்ந்தாலும் கெடுதல். மாதம் ஒருமுறையாவது தோட்டாக்களை எடுத்துவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

எதிர்வாதம்: நான் வருடக்கணக்கில் லேசான .357 வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட இப்படி நடக்கவில்லை. பயமுறுத்தாதீர்கள்.

நடக்காதது சந்தோஷம். ஆனால் எந்தத் தோட்டாவில், தொடர்ந்து எத்தனை சுட்டீர்கள் என்பதுதான் கேள்வி. சோதனை சுலபம்: ஐந்து போடுங்கள், நான்கைச் சுடுங்கள், ஐந்தாவதை எடுத்துக் காலிப்பர் என்ற அளவுகருவியில் நீளம் பாருங்கள். புதுத் தோட்டாவைவிட நீண்டிருந்தால் அந்த பிராண்ட் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை, தோட்டாவை மாற்றினால் போதும்.

இன்னொருவர்: அப்படியென்றால் பிஸ்டலே வாங்கிவிடலாமே?

பலருக்கு அதுதான் சரி, தயங்காமல் வாங்குங்கள். பிஸ்டல் சிக்கினால் பழகிய கை ஓரிரு நொடியில் சரிசெய்துவிடும். ஆனால் ரிவால்வருக்கென்று ஒரு பலம் இருக்கிறது. உங்கள்மேல் ஒருவன் விழுந்து அழுத்தும்போது பிஸ்டலின் முனை அவன் உடம்பில் பட்டால் ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) பின்னால் நகர்ந்து சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. ஹேமர் மறைந்த மாடல் கோட்டுப் பாக்கெட்டுக்குள்ளிருந்தே சுடும். பிடி தளர்ந்திருந்தாலும் சுடும். ரிவால்வரை வாங்கினால் இதற்காக வாங்குங்கள், ஜாம் ஆகாது என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

மீண்டும் எதிர்வாதம்: காலிப்பர், அளவு என்று யார் பார்க்கிறார்கள்? எல்லாம் ஏட்டுப் பேச்சு.

ஐந்தாவது தோட்டாவை அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம். அதுவரை இந்த விவாதத்தில் எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கேள்வி: நான் எஃப்-1 மாணவன்...

மேலே ஹெச்-1பி பதிலைப் படியுங்கள். அதேதான்.

கேள்வி: மனைவி சிட்டிசன், நான் ஹெச்-4. துப்பாக்கி அவர் பெயரில் இருந்தால்?

அவர் வைத்திருக்கலாம். நீங்கள் எடுக்க முடிகிற இடத்தில் இருந்தால் அது உங்கள் கைவசம் இருப்பதாகவே வழக்குப் போட இடமுண்டு. அவர் மட்டும் திறக்கும் பெட்டி, எண் உங்களுக்குத் தெரியக் கூடாது. மிச்சத்தை வக்கீலிடம் கேளுங்கள். விசாக் கேள்விகள் இதோடு போதும் நண்பர்களே, ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான் வரும்.

கேள்வி: சென்னையில் அப்பாவுக்கு ஒன்று வாங்கித் தரலாமா?

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். சென்னையில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இங்கிருந்து எதையும் எடுத்துப் போக நினைக்காதீர்கள், ஒரு காலித் தோட்டாவைக்கூட. ஊருக்குப் போகும் முன் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் தடவிப் பாருங்கள்.

கேள்வி: டெக்சஸ் லைசென்ஸோடு நியூ ஜெர்சிக்குக் காரில் போகலாமா?

நியூ ஜெர்சி அதை ஏற்காது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பிஸ்டல் பழகியவன் நான். ரிவால்வர் பிடிப்பதில் ஏதாவது மாற்றம் உண்டா?

உண்டு, முக்கியமான கேள்வி. பிஸ்டலில் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்போம். ரிவால்வரில் அதைச் செய்யாதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியே சூடான வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் பீய்ச்சும், விரலைக் கிழிக்கும். இடது கட்டைவிரலை வலதின்மேல் மடித்துப் பூட்டுங்கள். அப்புறம், சினிமாவில் செய்வதுபோல் சிலிண்டரை உதறி மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகப் பாகம் வளைந்துவிடும்.

கேள்வி: கூடுதல் தோட்டாவுக்கு ஸ்பீட்லோடரா (எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் ஏற்றும் வட்டப் பிடி), ஸ்ட்ரிப்பா (தோட்டாக்களை வரிசையாகப் பிடிக்கும் பட்டை)?

பாக்கெட்டில் தட்டையாக இருப்பது ஸ்ட்ரிப், வேகம் ஸ்பீட்லோடர். நான் ஸ்ட்ரிப் வைத்திருக்கிறேன். எதுவானாலும் முதலில் பழைய கேஸ்களை வெளியேற்றப் பழகுங்கள். குட்டை ரிவால்வரில் எஜெக்டர் கம்பியும் குட்டை, கேஸை முழுதாகத் தள்ளாது. குழலை நேரே மேல்நோக்கிப் பிடித்து, உள்ளங்கையால் ஒரே அடி. கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளினால் இரண்டு கேஸ் பாதியில் நின்றுவிடும்.