பிரெஞ்சு அரசவை பாலேயும் அதன் உடையும்: கேள்வி பதில்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு அரசவையில் ஆடிய பாலே, அதற்கு உடுத்திய உடை. இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நாடகக் குழுக்களுக்கு உடை தைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் பதில்கள் உடைப் பக்கமாகத்தான் சாயும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பாலேயைக் கண்டுபிடித்தவர் ராணி கத்தரின் தெ மெதிசி என்று படித்தேன். சரியா?

கண்டுபிடிக்கவில்லை, செலவழித்தார். இத்தாலிய அரசவைகளில் இசை, கவிதை, முகமூடி, ஊர்வலம் எல்லாம் சேர்ந்த விருந்து ஆட்டம் ஏற்கெனவே இருந்தது. கத்தரின் 1533இல் புளோரன்சிலிருந்து மருமகளாக வந்தார். இத்தாலியக் கலைஞர்கள் அவருக்கு முன்பும் வந்தார்கள், பின்பும் வந்தார்கள். 1573இல் போலந்துத் தூதர்களுக்காக அவர் துய்லெரி அரண்மனையில் ஒரு பாலே நடத்தினார். பிரான்சின் மாகாணங்களாக வேடமிட்டு 16 பெண்கள் ஆடினார்கள்.

எல்லாரும் 'முதல் பாலே' என்று சொல்வது 1581 அக்டோபர் 15இல் நடந்ததை. இடம், லூவ்ர் அருகில் இருந்த பெத்தி-பூர்பொன் மண்டபம். அப்போதைய அரசர் மூன்றாம் ஹென்றியின் ராணி லூயிஸின் தங்கைக்கும் ஜுவாயெஸ் பிரபுவுக்கும் நடந்த கல்யாணக் கொண்டாட்டத்தில் ஒரு பகுதி அது. அமைத்தவர் பல்தசார் தெ பொஷ்வாயெ என்ற இத்தாலிய வயலின்காரர். கதை, ஆண்களை மிருகமாக்கும் சூனியக்காரி சிர்சேயுடையது. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்றரை வரை போனது.

இப்போது மேடையை மறந்துவிட்டுப் படியுங்கள். அங்கே மேடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு கோடியில் அரசர், எதிர்க்கோடியில் சிர்சேயின் தோட்டம், ஒரு பக்கம் பான் என்ற கிரேக்க வனதெய்வத்தின் சோலை, மறுபக்கம் பாடகர்கள் ஒளிந்திருந்த பொன்முலாம் பூசிய மேகக் கூடு. நடுவில் வெறும் தரை. சுற்றிலும் மாடங்களில் உட்கார்ந்தவர்கள் மேலிருந்து கீழே பார்த்தார்கள். அதனால்தான் அந்த ஆட்டம் வட்டம், முக்கோணம், சதுரம் என்று கோலம் போட்டமாதிரி அமைந்தது. ராணியும் அவருடன் வந்த சீமாட்டிகளும் நீர்த்தேவதைகளாக, வெள்ளி ஜரிகைத் துணியில், ஒரு நீரூற்றுத் தேரில் வந்து இறங்கினார்கள். இடுப்பை இறுக்கிய கச்சு, விரிந்த பாவாடை, தரையைத் தொடும் கனம். அந்த உடையில் காலைத் தூக்கவா முடியும்? நகரலாம், வரிசை மாறலாம், வளையலாம். ஆட்டத்தைத் தீர்மானித்தது உடைதான்.

கடைசியில் ராணி அரசருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தார். அதில் கடலில் நீந்தும் டால்பின். பிரெஞ்சில் டால்பினுக்கும் பட்டத்து இளவரசனுக்கும் ஒரே சொல். பிள்ளை வரம் கேட்பதை இவ்வளவு நாசூக்காக யாரும் கேட்டதில்லை. பிள்ளை பிறக்கவே இல்லை.

கேள்வி: அந்தக் கால டுட்டு (பாலே ஆடும் பெண்களின் விரிந்த வலைப் பாவாடை) எப்படி இருந்தது? விரல் நுனியில் நிற்பார்களா?

டுட்டு கிடையாது. நுனிக்காலும் கிடையாது. இரண்டையும் பிரபலமாக்கிய மரீ தக்லியோனி 'லா சில்ஃபீட்' பாலேயை ஆடியது 1832இல். நாம் பேசுவது அதற்கு 250 வருடம் முந்தைய கதை.

கேள்வி (நாடகக் குழு ஒன்றின் தையல்காரர்): ஆண்கள் என்ன உடுத்தினார்கள்? மேடைக்குத் தைக்க வேண்டும்.

வாருங்கள், இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீரன், தெய்வம், அரசன் என்றால் 'ரோமானிய' உடை. உண்மையான ரோமானியர் பார்த்தால் சிரித்திருப்பார். மார்புக்கவசம் போல வெட்டிய மேலங்கி, ஜரிகை வேலை, தலையில் இறகுக் குவியல், இடுப்பிலிருந்து விறைப்பாக விரியும் குட்டைப் பாவாடை. அந்தப் பாவாடைக்குப் பின்னாளில் 'தொனெலே' என்று பெயர், சின்னப் பீப்பாய் என்று அர்த்தம். கோமாளி வேடங்களுக்கு வேறு கணக்கு. 1620களில் தானியேல் ராபெல் வரைந்த உடைகளைப் பாருங்கள், என்னென்ன விசித்திரமெல்லாம் போட்டிருக்கிறார்! முகத்தில் பெரும்பாலும் முகமூடி இருக்கும். எனவே நடிப்பு முழுக்கக் கையிலும் காலிலும்தான்.

நான் ஒருமுறை கல்லூரி நாடகத்துக்குப் பிரம்பு வளைத்து ஒரு தொனெலே செய்தேன். போட்டுப் பார்த்த பையனால் கையைத் தொங்கவிட முடியவில்லை. பாவாடையின் விளிம்பு இடித்தது. தானாகவே முழங்கையை வளைத்துக் கையை அகட்டி வைத்துக்கொண்டான். அந்த நிமிடம், படங்களில் எல்லாரும் ஏன் அப்படிக் கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. ஒரே எச்சரிக்கை: முழங்காலை மறைக்காதீர்கள். பட்டுக் காலுறை போட்ட கால்தான் அந்த உடையின் நாயகன்.

கேள்வி: பதினான்காம் லூயி சூரியனாக ஆடினாராமே?

ஆமாம். 1653 பிப்ரவரி 23, அதே பெத்தி-பூர்பொன், 'இரவின் பாலே'. பாட்டு வரிகள் கவிஞர் பென்செராத். அரசுக்கு எதிராகப் பிரபுக்கள் கிளப்பிய ஃப்ரோந்த் கலகம் அடங்கி, மந்திரி மசாரென் பாரிசுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. இரவின் நான்கு ஜாமங்களிலும் திருடர்கள், பிச்சைக்காரர்கள், பேய்கள் எல்லாம் வந்து போகிறார்கள். கடைசியில் அரசரின் தம்பி விடிவெள்ளியாக வருகிறார், பின்னாலேயே 14 வயது அரசர் உதய சூரியனாக. இருட்டு யார், வெளிச்சம் யார் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான லுல்லியும், அப்போது 20 வயது, அதில் பல வேடங்களில் ஆடினார்.

இணையத்தில் சுற்றும் பொன்னிற உடை ஓவியத்தைக் கவனமாகப் பாருங்கள். தலையில் மட்டுமல்ல, முழங்காலிலும் காலணியிலும் கதிர்கள் இருக்கின்றன. பார்வை எங்கே போக வேண்டும் என்று தைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: டுட்டு எப்போது குட்டையானது?

அரசவைக் காலத்தில் டுட்டுவே இல்லை, மேலே பார்க்கவும்.

கேள்வி (வரலாற்று மாணவர்): எல்லாவற்றையும் உடையில் கொண்டுபோய் முடிக்கிறீர்கள். பாலேயில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது வாள்வீச்சிலிருந்து வந்தது. உடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வாள் நிலையில் முன்கால் எதிராளியை நேராகப் பார்க்கும், பின்கால் மட்டும்தான் திரும்பும். பாலேயில் இரண்டு பாதமும் சமமாகத் திரும்புகின்றன. பக்கவாட்டில் திரும்பிய காலில்தான் கெண்டைக்காலின் வளைவும் காலணிக் கட்டும் முன்னால் இருப்பவருக்குத் தெரியும். ஓவியர் ரிகோ 1701இல் வரைந்த லூயியின் ஓவியத்தைப் பாருங்கள். 63 வயதில், சிவப்புக் குதிகால் காலணியோடு, அங்கியை விலக்கிக் காலைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதே மாணவர்: ஆர்போவின் நடன நூல் 1589இல் வந்தது. அதிலேயே சாய்வாகத் திரும்பிய பாதம் வருகிறது. லூயிக்கு முந்தைய காலமாயிற்றே?

நல்ல அடி. ஆனால் அந்தக் காலத்து ஆண் உடையை நினைத்துப் பாருங்கள். இடுப்பைச் சுற்றி உப்பிய குட்டைக் கால்சட்டை, அதற்குக் கீழே தொடை முதல் பாதம் வரை ஒட்டிய காலுறை. கால் இதைவிட வெளிப்படையாக இருந்த காலம் எது? உங்கள் சான்று என் கட்சியில் சேர்ந்துவிட்டது.

வாள்வீச்சு பழகும் ஒருவர்: மாணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடன ஆசிரியரும் வாள் ஆசிரியரும் ஒரே பிள்ளைகளுக்குத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்?

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். பக்கவாட்டில் சட்டென நகரத் திரும்பிய கால் உதவும், உடம்புப் பழக்கம் அங்கிருந்தும் வந்திருக்கலாம். அந்தப் பழக்கத்தை அழகு என்று ஆக்கியது உடை. இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

கேள்வி: இந்தியர் வேடம் இருந்ததா?

1662 ஜூனில் லூவ்ருக்கும் துய்லெரிக்கும் நடுவே பெரிய குதிரைக் காட்சி நடந்தது. ரோமானியர், பாரசீகர், துருக்கியர், இந்தியர், அமெரிக்கர் என்று ஐந்து அணிகள். அரசர் ரோமானியர், ஆங்கியன் பிரபு இந்தியர். 'இந்தியர்' என்றதும் நம்மூரைத் தேடாதீர்கள். அவர்களுக்கு அது இறகு வைக்க ஒரு சாக்கு.

கேள்வி: புதுச்சேரிப் பக்கமிருந்து தேவதாசிகள் பாரிஸ் போய் ஆடினார்களே?

திருவேந்திபுரத்திலிருந்து போனார்கள், 1838இல். அரசவைக் காலம் அல்ல. அருமையான கதை, தனியாக ஒரு நாள் பேசலாம்.

கேள்வி: பெண் வேடத்தை ஆண்களே ஆடினார்களா? அரசர் ஆடுவதை எப்போது நிறுத்தினார்?

சீமாட்டிகள் அரசவையில் ஆடினார்கள். ஆனால் பல பெண் வேடங்களைப் போட்டவர்கள் ஆண்கள். பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஏறியது 1681இல், 'காதலின் வெற்றி' என்ற பாலேயில். அரசர் 1661இல் 13 ஆசிரியர்களை வைத்து நடனக் கழகம் தொடங்கினார், 1670வாக்கில் ஆடுவதை விட்டார்.

கேள்வி: அப்போ டுட்டு...

1832.

அதே தையல்காரர்: பிரம்பு கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் குழாய் போதுமா?

தாராளமாகப் போதும். மேலே இரண்டு அடுக்கு விறைப்புத் துணி கொடுங்கள். நடிகரை ஒத்திகைக்கு முதல் நாளே போட வைத்து, பக்கவாட்டில் கதவைத் தாண்டப் பழக்குங்கள். முழங்கால் தெரிகிறதா என்று கடைசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.