நகராமல் நின்ற மேக வரிகள்

காற்று ஓடுகிறது, அலைதான் நிற்கிறது. தை மாதக் காலையில் கொழும்பு வெள்ளவத்தை மொட்டைமாடியிலிருந்து நீங்கள் பார்த்த மேக வரிகள், காற்றடித்தும் அரை மணி நேரம் நகராததற்குக் காரணம் அதுதான்.

பெரும்பாலும் மலை அலை. வடகீழ்ப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் ஏறி இறங்கியதும், நிலையான அடுக்குக் காற்று, அதாவது மேலே தள்ளினாலும் பழைய உயரத்துக்கே திரும்பப் பார்க்கும் காற்று, ஊஞ்சல்போல மேலும் கீழும் ஆடும். அலை அதே வேகத்தில் காற்றை எதிர்த்துப் போவதால் நின்றதுபோலத் தெரியும். செக்கனுக்கு 10 மீற்றர் காற்றென்றால், வழக்கமான நிலையில் வரிகளுக்கு இடையே 6 கிலோமீற்றர் அளவு வரும். காற்று கூடினால் இடைவெளியும் கூடும்.

அடுத்த முறை ஒரு வரியைத் தண்ணீர்த் தாங்கியின் விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று வரும் பக்கம் மேகம் முளைக்கும், மறுபக்கம் கரையும். அவ்வளவு அழகு அது.

ஆனால் வரிகள் காற்றின் திசையிலேயே நீண்டிருந்தால் மலை அலை அல்ல. கீழிருந்து சூடேறும் காற்று உருண்டு உண்டாக்கும் வரிசைகள்.