விசா இல்லாமல் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏழு மணி நேரம் என்ன செய்யலாம்?

திருச்சியிலிருந்து சிட்னி போகும் வழியில் சிங்கப்பூரில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டும், விசாவும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கவலையே வேண்டாம், உள்ளேயே நிறைய இருக்கிறது.

முதலில் அருவி. விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்தின் 40 மீட்டர் அருவி குடிவரவுச் சோதனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. குடிவரவைத் தாண்டாமல் பக்கத்தில் போக முடியாது. ஆனால் டெர்மினல் 2-க்கும் 3-க்கும் இடையே ஓடும் ஸ்கைடிரெயின் என்ற குட்டி ரயில் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்துதான் போகிறது. கட்டணம் கிடையாது. கண்ணாடியோரம் நில்லுங்கள். கூரை நடுவிலிருந்து வெள்ளைத் தூண் போல நீர் இறங்கும், சுற்றிலும் அடுக்கடுக்காக மரங்கள். சில நொடிகள்தான், எனக்குப் போதாமல் மறுபடி ஏறினேன். நள்ளிரவில் அருவி ஓடாது, பகலில் போங்கள்.

அப்புறம் டெர்மினல் 3-இல் வண்ணத்துப்பூச்சித் தோட்டம். வெட்டி வைத்த அன்னாசித் துண்டில் அவை உட்கார்ந்து உறிஞ்சுவதைக் கிட்டத்தில் பார்க்கலாம். குழந்தைகள் நகரவே மாட்டார்கள். தூக்கம் வந்தால் சாய்வு நாற்காலிகள் உண்டு, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள்: இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா? தனித்தனி என்றால், பெட்டி நேரே சிட்னி போகுமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். போகாவிட்டால் பெட்டியை எடுக்கக் குடிவரவைத் தாண்டவேண்டி வரும், அதற்குச் சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி வேண்டும்.