பெங்களூர் மொட்டை மாடியிலிருந்து மாறொளி விண்மீனை அளக்க முடியுமா?

எச்.எஸ்.ஆர். லேஅவுட் வெளிச்சத்தில் விண்மீனே சரியாகத் தெரியவில்லை, ஒளியை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அளக்கலாம். காரணம், இங்கே ஒப்பீடுதான் முக்கியம். ஒரே படத்தில் ஒளி மாறும் விண்மீனும் (அதுதான் மாறொளி விண்மீன்) ஒளி மாறாத விண்மீனும் இருந்தால், மெல்லிய புகைமூட்டம் பெரும்பாலும் இரண்டையும் ஒரே அளவில் மங்கச் செய்யும். வித்தியாசம் அப்படியே நிற்கும். வானத்தின் பின்னணி வெளிச்சத்தை மென்பொருள் கழித்துவிடும்.

அல்கோல் என்ற மாறொளி விண்மீனில் தொடங்குங்கள். 2.87 நாளுக்கு ஒருமுறை அதன் துணை விண்மீன் மறைப்பதால் 2.1லிருந்து 3.4 ஒளித்தரத்துக்கு மங்கும் (ஒளித்தர எண் கூடினால் ஒளி குறைவு). முக்காலியில் டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், ரா கோப்பு (கேமரா மெருகூட்டாத மூலப் படம்) போதும். ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிடுங்கள். ஒளி பல பிக்சல்களில் பரவும், எதுவும் நிரம்பி வழியாது. அப்புறம் பச்சை சேனலை மட்டும் அளந்தால் வானியலாளர்கள் பயன்படுத்தும் வி வடிகட்டிக்கு (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடுவது) ஓரளவு நெருங்கிவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் விடாது. நவம்பருக்குப் பிறகு பாருங்கள்.

செயல்மிகு விண்மீன் மண்டலங்கள், அதாவது மையத்திலுள்ள பெருங்கருந்துளை பொருளை விழுங்குவதால் ஒளிர்பவை, வேறு கதை. அவற்றில் மிக ஒளிமிக்க வகை குவேசார்; பிரகாசமான குவேசாரான 3சி 273கூட ஏறக்குறைய 13ஆம் ஒளித்தரம்தான். அதற்குத் தொலைநோக்கியும் குளிரூட்டிய கேமராவும் வேண்டும், பொறுமையும்தான்: மாற்றம் தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும்.