தழுவலா, திருட்டா? கேள்வி பதில்

சிறுகதை, நாவல் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்துவது என் தொழில். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், ஆனால் நான் வக்கீல் இல்லை.

கே: ஒரு மலையாளக் கதையின் கரு ரொம்பப் பிடித்துவிட்டது. அதை வைத்து நான் ஒன்று எழுதினால் திருட்டா?

கரு யாருக்கும் சொந்தமில்லை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டெல்லியில் பஞ்சாபிக் குடும்பமும் மதராசிக் குடும்பமும் ஒருவரையொருவர் வெறுப்பது, அதற்கிடையே ஒரு காதல் என்று அவர் நாடகம் எழுதியிருந்தார். அதே கருவில் 'நியூ டெல்லி' படம் வந்ததும் வழக்குப் போட்டார், தோற்றார். கருவுக்குக் காப்புரிமை இல்லை, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்தவருக்கு 'இது அதன் நகல்தான்' என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா என்பதே அளவுகோல். இது சட்டம். என் மேசைக்கு ஒரு கதை வந்தால் நான் பார்ப்பது வேறு: முடிச்சு விழும் இடம், அவிழும் இடம், நடுவில் காட்சிகள் வரும் வரிசை. மூன்றும் மூலத்தில் உள்ளபடியே இருந்தால் நீங்கள் எடுத்தது கருவை இல்லை, கதையை.

கே: பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதுமா சார்?

போதாது.

கே: எத்தனை சதவீதம் வரை எடுக்கலாம்?

அப்படி ஒரு கணக்கே கிடையாது. யாரோ கிளப்பிவிட்டது.

கே: தமிழின் முதல் சிறுகதை என்று சொல்லப்படும் 'குளத்தங்கரை அரசமர'மே தாகூரிடமிருந்து எடுத்ததுதானே? அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்?

நல்ல கேள்வி. தாகூரின் படித்துறைக் கதை 1884இல் வந்தது, வ.வே.சு. ஐயருடையது 1915இல். அங்கே கங்கைக் கரைப் படித்துறை கதை சொல்கிறது, இங்கே குளத்தங்கரை அரசமரம். இரண்டிலும் ஒரு பெண் தண்ணீரில் உயிரை விடுகிறாள், இரண்டிலும் ஒரு சந்நியாசி வருகிறார். இவ்வளவையும் தற்செயல் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். தாகூரின் குசும் இளம் விதவை, ஒரு சந்நியாசிமேல் மனம் வைக்கிறாள், அவர் 'என்னை மறந்துவிடு' என்று போகிறார், அவள் ஆற்றில் இறங்குகிறாள். ஐயரின் ருக்மிணிக்குக் கணவன் இருக்கிறான். அவள் அப்பாவின் பணம் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி திவாலானதில் போனதும் மாமியார் வீட்டில் மகனுக்கு இன்னொரு கல்யாணம் பேசுகிறார்கள். அவன் சம்மதித்ததுபோல் நடிக்கிறான், கடைசி நிமிடத்தில் ஏமாற்றிவிட்டு இவளைக் கூட்டிப்போகத் திட்டம். மரத்துக்கும் நமக்கும் அது தெரியும், அவளுக்குத் தெரியாது. கதையின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது, அது தாகூரிடம் இல்லை. சந்நியாசியும் இடம் மாறிவிட்டார்: அங்கே அவரால் சாவு, இங்கே அவள் சாவால் கணவனுக்குச் சந்நியாசம். அப்புறம் அந்தக் குரல்! 'பார்க்கப் போனால் நான் மரந்தான்' என்று தொடங்குகிறதே, வீட்டுத் திண்ணையில் பாட்டி பேசுவதுபோல. தூண்டுதல் தாகூர், கதை ஐயருடையது. என் தீர்ப்பு இது.

கே: தீர்ப்பெல்லாம் சரி, மூலத்தைச் சொல்லியிருக்கலாமே? இன்று ஒரு பையன் இப்படிச் செய்தால் விடுவீர்களா?

விடமாட்டேன், ஒரு வரி நன்றி போடச் சொல்வேன். ஐயர் போட்டிருந்தால் நாம் இந்தச் சண்டையே போட்டிருக்க மாட்டோம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எங்கிருந்து பொறி கிடைத்தது என்று எழுத ஆரம்பிக்கும் அன்றே நோட்டில் குறித்து வையுங்கள்.

கே: இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கவலை. நம் மரபில் முன்னோர் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூல் உண்டு, முன்னோர் மொழியைப் பொன்போல் போற்றச் சொல்கிறது நன்னூல்.

போற்றச் சொன்னது, பெயரை அழிக்கச் சொல்லவில்லை. மணிமேகலையில் சாத்தனார் 'தெய்வம் தொழாஅள்' குறளை அப்படியே எடுத்து வைக்கிறார், வைத்த கையோடு அது 'பொய்யில் புலவன் பொருளுரை' என்றும் சொல்லிவிடுகிறார். கம்பர் பாயிரத்திலேயே வடமொழியில் முதலில் பாடியவர் வழியில் போகிறேன் என்கிறார். நீங்கள் இழுக்கிற மரபு உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

கே: அப்படியானால் வ.வே.சு. ஐயர் திருடர் என்கிறீர்களா?

இல்லை. இரண்டு கதையும் சின்னதுதான், இன்று ராத்திரியே படித்துவிடலாம். படித்துவிட்டு வாருங்கள்.

கே: எப்போதோ படித்த வரி தன்னையறியாமல் என் கதையில் வந்துவிட்டால்?

ஒரு வரி வரலாம். வரிசையாகப் பத்து வந்தால் அதற்குப் பெயர் 'ஞாபகம்' அல்ல. படிக்கும்போது பிடித்த வரியை மேற்கோள் குறி போட்டு, யாருடையது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். குறி போடாமல் எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து அது உங்கள் வரிபோலவே தெரியும். நோட்டு, நோட்டு, நோட்டு.

கே: ஆசிரியர் இறந்துவிட்டால் எடுத்துக்கொள்ளலாமா?

இறந்து 60 ஆண்டு போகட்டும், நம் சட்டம் அப்படி. அதன் பிறகு தாராளமாகத் தழுவலாம். அடியில் உங்கள் பெயரை மட்டும் போட்டால் அப்போதும் பொய்தான்.

கே: கதாபாத்திரங்களின் பெயரை மாற்றி, காலத்தையும் மாற்றினால்...

மேலே பாருங்கள்.

கே: என் கதையைத் திருடி ஒரு படம் எடுத்துவிட்டார்கள்.

வக்கீலைப் பாருங்கள். கதை வந்த இதழின் பிரதியை, தேதி தெரியும்படி, கையோடு கொண்டுபோங்கள்.

கே: நான் எழுதியது தழுவலா என்று பார்த்துச் சொல்வீர்களா? அனுப்பட்டுமா?

மூலக் கதையையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் வருவதைத் திறக்கமாட்டேன்.