வணிகவியல் படிக்கும் மகளுக்கு எஸ்கியூஎல் ஏறுமா?

மகள் வணிகவியல் படிக்கிறாள், கணினி அறிவியல் படிக்காதவளுக்கு எஸ்கியூஎல் (SQL), அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டு விடை பெறும் மொழி, ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறும். இந்த மொழி பிறந்ததே உங்கள் மகளைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்துத்தான். தரவுகளை அட்டவணைகளாக வைத்து வினவும் முறையை 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்தார். அங்கேயே பணியாற்றிய சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் அதற்கென ஒரு மொழியை வெளியிட்டார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதைக் கையாள வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். பேரேடு எழுதிப் பழகியவளுக்கு அட்டவணை ஒன்றும் அந்நியமில்லை.

எந்த மென்பொருள் என்ற குழப்பத்தில் நாளை வீணாக்க வேண்டாம். எஸ்கியூலைட் போதும், இலவசம், தனி சர்வர் தேவையில்லை, தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பிறகு போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் எதற்கு மாறினாலும் அடிப்படைக் கட்டளைகள் பெரும்பாலும் அவையேதான்.

முதலில் ஒரு நூலகத்துக்கான தரவுத்தளத்தை அவளே உருவாக்கட்டும். உறுப்பினர், நூல், இரவல் என மூன்று அட்டவணைகள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அந்த எண்தான் முதன்மைச் சாவி. இரவல் அட்டவணையில் பெயருக்குப் பதில் அந்த எண்ணை மட்டும் எழுத வேண்டும். ஏன் என்பதை அவள் தானே உணர வேண்டுமானால், ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் முகவரி மாறினால், அவர் நூல் எடுத்த ஒவ்வொரு வரியையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும். ஒன்றை விட்டால்கூட எந்த முகவரி சரி என்று சொல்ல ஆளிருக்காது.

அடுத்து அவளிடம் இந்தக் கேள்வியைக் கொடுங்கள்: ‘இதுவரை ஒரு நூலும் எடுக்காத உறுப்பினர்கள் யார்?’ நேர்காணலுக்குத் தயாராகும் மாணவர்களிடம் நான் தவறாமல் கேட்பது இது. அட்டவணைகளை இணைக்கும் கட்டளையான ஜாயினை (JOIN) சாதாரணமாகப் போட்டால் நூல் எடுத்தவர்கள் மட்டுமே வருவார்கள், நமக்கு வேண்டியவர்கள் காணாமல் போவார்கள். லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) போட்டால் எல்லா உறுப்பினர்களும் நிற்பார்கள். எடுக்காதவர்களுக்கு எதிரே இரவல் பகுதி வெறுமையாக, அதாவது ‘நல்’ (NULL) என்று இருக்கும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சமக்குறி போட்டு நல்லைத் தேடுவார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது; விடையும் வராது. நல் என்பது ‘தெரியாது’ என்று பொருள்படும். தெரியாத ஒன்று எதற்கும் சமம் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் ‘இஸ் நல்’ என்றே எழுத வேண்டும். இதைத் தானாகக் கண்டுபிடித்துத் திருத்தும் மாணவரைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை.

செயற்கை நுண்ணறிவே கட்டளைகளை எழுதித் தருகிறதே, இனி இதைப் படித்து என்ன பயன் என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் மேலே சொன்ன தவறைப் போலச் சத்தமில்லாமல் தவறும் கட்டளையைப் பார்த்து, ‘இந்த எண்ணிக்கை சரியில்லை’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். தணிக்கையிலும் வங்கியிலும் அந்தக் கண்ணுக்கே மதிப்பு. கணக்கு தெரிந்த உங்கள் மகளுக்கு அது கைவசம் இருக்கிறது.

ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளட்டும். வரிகளை அழிக்கும் டிலீட் கட்டளையில், எந்த வரிகள் என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை விடுபட்டால் அட்டவணையின் எல்லா வரிகளும் அழிந்துவிடும். அதே நிபந்தனையோடு முதலில் வரிகளை எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையை எழுதி, வரும் வரிகளைக் கண்ணால் பார்த்த பிறகே டிலீட் எழுத வேண்டும்.

சான்றிதழுக்காக அவசரப்பட வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் என மூன்று மாதம் கொடுங்கள். அவள் உருவாக்கிய தரவுத்தளத்தையும், அதனிடம் கேட்ட இருபது கேள்விகளையும், முதலில் எங்கே தவறினாள் என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு வரட்டும். விண்ணப்பத்தில் எதைக் காட்டலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.